மூலனூர்க் கொம்பு

முப்பத்தெட்டு வருடம் திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் நான். நூறு அடுக்குத் துணியை மேசையில் விரித்து, பேட்டர்ன் அட்டையை மேலே வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு மெஷினை ஓட்டினால் கதை முடிந்தது. கோடு தப்பிப்போன துணியை எந்தச் சாமி வந்தாலும் ஒட்ட வைக்க முடியாது. சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால்தானோ என்னவோ, வெட்ட வெட்டத் தழைக்கிற முருங்கை மேல் எனக்கு ஒரு மயக்கம்.

சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம். நான் பிறந்தபோது கோயமுத்தூர் மாவட்டம். 1979-ல் பெரியார் மாவட்டம். அப்புறம் அதுவே ஈரோடு. 2009 முதல் திருப்பூர். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, ரேஷன் கார்டில் மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. அங்கே கிணற்றடியில் நிற்கும் முருங்கைக்கு ‘அம்மாயி மரம்’ என்று பேர். அம்மா கல்யாணமான வருடம் ஆடி நோம்பிக்குப் பிறந்த வீடு போய்த் திரும்பும்போது, பலகாரக் கூடையோடு இரண்டு முருங்கைக் கொம்பும் கொண்டுவந்தாராம். அம்மாயி வீட்டு வாசலில் ஆடிக் காற்றில் முறிந்து விழுந்த கிளை. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டாரா இல்லையா என்பது வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு.

அந்தக் கொம்பை நட்ட விதத்தை அப்பா பிற்பாடு எத்தனையோ தடவை எங்கள் முன்னால் செய்திருக்கிறார். மணிக்கட்டை விடக் கொஞ்சம் கனமான கிளை, மார்பளவு நீளம். அதற்கு மேல் பருத்தால் வேர் விடத் தாமதம், மெலிந்தால் காய்ந்து போகும். வெட்டியதும் நட மாட்டார். இரண்டு நாள் வேப்பமர நிழலில் சாத்தி வைப்பார். வெட்டுவாயில் கசியும் பிசின் உலர வேண்டும். அடிப்பக்கம் சாய்வெட்டு, தலைப்பக்கம் நேர்வெட்டு. எது அடி எது தலை என்று இருட்டில் தடவினாலும் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. குழியில் மணலும் எருவும் கலந்து போட்டு, முழங்கை ஆழம் இறக்கி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவார். கடைசியில் ஒரு கை பச்சைச் சாணியை எடுத்து நேர்வெட்டின் மேல் அப்பி, அதற்கு ஒரு துண்டுத் துணி கட்டுவார். பிறகு பனியன் வேஸ்ட் வந்தது, அதையே சுற்றினார். பதினைந்து இருபது நாளில் சாணிக்குக் கீழே பச்சையாக ஒரு முடிச்சு தெரியும். “புடிச்சுக்கிச்சு” என்பார். அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கொம்பு நடுவது புதிதல்ல. காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொரங்காடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேய்ச்சலுக்காகவே விட்ட நிலம், உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை வேலி. அந்தக் கிளுவை முழுக்கக் கொம்பாக நட்டு உயிர்ப்பித்ததுதான். மழை குறைந்த மண்ணில் விதையை நம்புவதைவிடக் கிளையை நம்புவது புத்திசாலித்தனம் என்று யாரோ எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார்கள். கிளையில் ஏற்கெனவே தண்ணீரும் சத்தும் இருக்கிறது. கட்டுச்சோறோடு பயணம் கிளம்புகிற ஆள் மாதிரி.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. கொம்பில் வந்த மரம் தாய் மரத்தின் பிள்ளை அல்ல, தாய் மரமேதான். அம்மாயி வாசலில் நின்ற மரமும் எங்கள் கிணற்றடி மரமும் ஒரே உயிரின் இரண்டு துண்டு. விதையில் அப்படி வராது. முருங்கைப் பூவில் வண்டும் தேனீயும் புகுந்து புறப்பட்டு எந்தெந்த மரத்து மகரந்தத்தையோ கொண்டுவந்து சேர்ப்பதால், ஒரே காயில் இருக்கும் கொட்டைகளிலேயே ஆளுக்கு ஆள் அப்பன் வேறாக இருக்கலாம். மரமுருங்கையின் கொட்டையைப் போட்டால் வளரும். ஆனால் காய் எப்போது வரும், எப்படி வரும், கசக்குமா என்பதெல்லாம் வந்த பிறகுதான் தெரியும். கசப்பு மரத்திலிருந்து யாரும் கொம்பு கேட்க மாட்டார்கள். நல்ல காய் காய்த்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். மூலனூர் குட்டை முருங்கை என்று இன்று சந்தையில் பேர் வாங்கியிருப்பது அப்படி நின்று நின்று பொறுக்கியெடுத்ததுதான். காய் முழத்துக்குச் சற்று மிஞ்சும், சதைப்பற்று அதிகம், மரம் பதினைந்து வருடம் தாங்கும். பொறுக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். குழம்பு வைப்பவளுக்குத்தானே தெரியும், எது நாராக மென்னியைப் பிடிக்கிறது, எது வழுக்கிக்கொண்டு இறங்குகிறது என்று.

முருங்கை இந்த மண்ணுக்கு எவ்வளவு பழசு என்பதற்கு அகநானூற்றின் முதற்பாட்டே சாட்சி. வறண்ட வழியில் சூறைக்காற்று முருங்கையின் வெள்ளைப் பூவை அள்ளிக்கொண்டு போகிற காட்சி அதில் வருகிறது. அந்த மரத்தில் நார் உரிக்க முடியாது என்பதையும் புலவர் கவனித்துச் சொல்லியிருக்கிறார். நாரையும் நூலையும் வைத்தே பிழைக்கிற ஊரில் வேலை பார்த்தவனுக்கு இது ஒரு தனி ரசனை. உலகம் இதை மொரிங்கா என்று சொல்வதும் நம் சொல்லைத்தான். இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் இதன் வேரைத் தங்கள் ஊர்க் காரக்கிழங்குக்குப் பதிலாக அரைத்துச் சாப்பிட்டார்கள். ஆனால் கிளையை ஒடித்து நடுகிற தொழில்நுட்பத்தில் இரண்டாயிரம் வருடத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. மாற்றம் வந்தது 1989-ல்.

அதற்கு முன் கோயமுத்தூரைப் பற்றி இரண்டு வார்த்தை. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் பள்ளி 1900-களின் தொடக்கத்தில் கோயமுத்தூருக்கு இடம் மாறிக் கல்லூரியாகி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. எங்கள் பக்கத்துக் காட்டில் விளைந்த எதற்கும் அங்கே ஒரு ஜாதகம் இருக்கும். பருத்தியில் ‘எம்.சி.யூ.’ என்று வரிசையாக ரகங்கள் வந்ததே, அந்த மூன்றெழுத்துக்கு மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்று விரிவு. எம்.சி.யூ.5 வந்தது 1968-ல். மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இன்றும் பருத்தி ஏலம் நடக்கிறது. எங்கள் ஊர்க்காரன் போட்ட பனியனில் மூன்று தேசத்து ரத்தம் ஓடியது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பப்பாளியிலும் கோயமுத்தூரைக் குறிக்கும் ‘கோ’ வரிசை. 1979-ல் வந்த கோ.2 பழத்துக்கு மட்டுமல்ல, பாலுக்கும் ஆனது. காயை விடியற்காலையில் கீறி, வடியும் பாலைப் பிடித்து உலர்த்தினால் பப்பேன். அது மருந்துக்கும் போகும், பட்டு நூலின் பசையை நீக்கவும் போகும். 1997-ல் வந்த கோ.7-ல் காய்க்காத ஆண் மரம் என்ற தொல்லையே இல்லை.

சின்ன வெங்காயக் கதை இதைவிடச் சுவாரசியம். பல்லடம், பொங்கலூர், குண்டடம் பக்கம் வெங்காயம் போடுகிறவனுக்கு ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதைவெங்காயம் வேண்டும். அதை வாங்குவதற்குள்ளேயே மனிதன் பாதியாகிவிடுவான். சின்ன வெங்காயம் இங்கே சரியாகப் பூத்து விதை கட்டாது என்பதால் காயையே நட வேண்டிய கட்டாயம். தாராளமாகப் பூத்து விதை பிடிக்கிற ஒரு ரகத்தை, கோ-5 என்று, பல்கலைக்கழகம் கொண்டுவந்தது. அந்த 600 கிலோ வேலையை ஒரு கிலோ விதை செய்கிறது. மூட்டை மூட்டையாக லாரியில் வந்தது சட்டைப்பையில் வரத் தொடங்கியது. முருங்கையில் நடந்ததும் இதேதான், என்ன, கொம்புக்குப் பதில் கொட்டை.

பெரியகுளத்தில், இப்போது தோட்டக்கலைக் கல்லூரி இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில், ஊர் ஊராக முருங்கை சேகரித்தார்கள். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி முருங்கை, கையை விரித்தாலும் அடங்காத நீளம். வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடியைத் தாங்க நடும் கொடிக்கால் முருங்கை, சாண் நீளம்தான் காய். உசிலம்பட்டிப் பக்கத்து வளையப்பட்டி முருங்கை. நுனி சிவந்த செம்முருங்கை. எங்கள் மூலனூர். இவற்றுக்கு நடுவே ஒரு விநோதம், தூத்துக்குடிப் பக்கம் எப்போதும்வென்றான் என்ற கரிசல் ஊரில் கொட்டை போட்டு வளர்த்த முருங்கை. மரமாவதற்குள்ளேயே, செடிப் பருவத்திலேயே காய்த்துவிடும். அதிலிருந்து பொறுக்கியெடுத்துத் தூய வழி ஆக்கியதுதான் 1989-ல் வெளியான பி.கே.எம்.1. பி.கே.எம். என்றால் பெரியகுளம்.

‘தூய வழி’ என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு வேளாண் அலுவலர். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் கண்டுணர் சுற்றுலாவுக்கு அவருக்குப் பதிலாக நான் பெரியகுளம் போனேன். ஒரு நாள் சம்பளம் போச்சே என்ற வருத்தத்தோடுதான் பஸ் ஏறினேன். அந்த அலுவலர் ஒரு பூங்கொத்தைக் காட்டினார். மறுநாள் விரியப்போகும் மொக்குகளை மட்டும் விட்டுவிட்டு, விரிந்த பூக்களைக் கிள்ளிப் போட்டார். கொத்துக்கு ஒரு மெல்லிய பையை மாட்டிக் காம்பில் நூலால் சுருக்கினார். வெளி வண்டு உள்ளே போகக் கூடாது. காலையில் பூ விரிந்ததும் பையை எடுத்து, அதே செடியின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டுச் சூல்முடியில் தடவி, திரும்பப் பையை மாட்ட வேண்டும். அந்தக் காயின் கொட்டையைப் போட்டு, வரும் செடிகளில் ஒத்துவராததைப் பிடுங்கி எறிந்து, மிஞ்சியதற்கு மறுபடி பை. இப்படித் தலைமுறை தலைமுறையாகச் செய்தால் செடிகள் ஒன்றுபோல ஒன்று வரும். “நீங்க பனியன் கம்பெனிங்களா? சேம்பிள் அப்ரூவல் ஆன பின்னாடி எல்லா பீஸும் அதே அளவுல வரணுமில்லீங்க? அதேதான் இது” என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் கம்பெனியில் மூன்று சேம்பிளில் அப்ரூவல் ஆகும், இவர்களுக்கு ஒரு சேம்பிளுக்கே ஒரு வருடம்.

பல்கலைக்கழகக் கணக்கு இது: கொட்டை போட்ட 90 முதல் 100 நாளில் பூ, 160 முதல் 170 நாளில் முதல் அறுவடை. காய் 65 முதல் 70 சென்டிமீட்டர், எடை 150 கிராம் அளவு. செடிக்கு வருடத்துக்கு 200 முதல் 225 காய். இரண்டரை மீட்டருக்கு ஒன்று வைத்தால் ஏக்கருக்கு 640 செடி. 75 சென்டிமீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும், பக்கக்கிளை வெடிக்கும். அறுவடை முடிந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் நாலைந்து மாதத்தில் மறுதாம்புக் காய். இப்படி மூன்று வருடம்.

1993-ல் அப்பா அரை ஏக்கரில் போட்டார். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ஏனுங்க மச்சான், ஆறு மாசத்துல காய்ச்சா அது மரமுங்களா, வெள்ளாமையுங்களா? முருங்கைய நட்டவன் வெறுங்கையோட போவான்னு சொல்லுவாங்க. நீங்க தடிய ஊனிக்கிட்டுப் போறதுக்குக் கூட இதுல ஒரு கொம்பு தேறாது போலிருக்குதே!” அப்பா பதிலே சொல்லவில்லை. சித்திரையில் முதல் காய் பறித்து, ஒரு கட்டை மாமா வீட்டுக்கு அனுப்பினார். மாமா தின்றுவிட்டு, “கொளம்புக்குக் கொஞ்சம் வெடவெடன்னு இருக்குது, ஆனா மோசமில்ல” என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வருடம் அவரும் போட்டார்.

எங்கள் காட்டில் பல்கலைக்கழகக் கணக்கில் பாதிதான் தேறியது என்பதையும் சொல்ல வேண்டும். கிணற்றுத் தண்ணீர் அவ்வளவுதான். ஆனாலும் செடிமுருங்கை பரவியதற்குக் காய்க் கணக்கு மட்டும் காரணமில்லை. தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் காலை பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்துகொண்டிருந்தோம். காட்டில் மிஞ்சியது வயதானவர்கள். புகையிலையோ பருத்தியோ கேட்கிற ஆள்பலம் முருங்கை கேட்காது. கம்பளிப்புழு ஏறினால் தீப்பந்தம் காட்ட வேண்டும், காய்க் காலத்தில் தொரட்டி பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். மரமுருங்கைக்கு ஏணி வேண்டும், கிளை சட்டென்று முறியும் பயம் வேண்டும். செடிமுருங்கையை ஒரு கிழவி தரையில் நின்றே பறித்துவிடுவாள். திருப்பூர் எங்கள் கைகளை எடுத்துக்கொண்டது. பெரியகுளம் மிஞ்சிய கைகளுக்கு எட்டாத உயரத்தைக் குறைத்துக் கொடுத்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

முருங்கை என்றாலே 1983-ல் வந்த ‘முந்தானை முடிச்சு’ படத்தை நினைத்து நமட்டுச் சிரிப்புச் சிரிப்பவர்கள் கம்பெனியில் நிறைய. நான் மதியச் சாப்பாட்டுக்கு டிபன் கேரியரைத் திறந்தால் பவர் டேபிளில் இருந்து ஒரு விசில் வரும். விட்டுவிடலாம்.

விதைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் விற்கலாம். அப்பா காலமான பிறகு ஒரு தடவை நானே பொறுப்பெடுத்து, ஒரு கடையில் ‘அசல் பி.கே.எம்.’ என்று எழுதிய பையை வாங்கிவந்து போட்டேன். செடி வந்தது. காய்தான் ஒன்று முழம், ஒன்று ஒன்றரை, ஒன்று விரல் தடிமனில் சூம்பல். இரண்டு செடி காய்க்கவே இல்லை. மரமுருங்கைக்கு நடுவே நின்ற காட்டில் யாரோ முற்றவிட்டு உதிர்த்த கொட்டை. வண்டு தன் வேலையைப் பார்த்திருக்கிறது. பெரியகுளத்தில் எத்தனை வருடம் பை மாட்டிச் சேர்த்த ஒழுங்கு ஒரே ஒரு பூப்பருவத்தில் கலைந்துபோகும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் தொழிலில் இதற்கு ‘ஷேடு மிக்ஸிங்’ என்று பேர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறம், பக்கத்தில் வைத்தால் பத்து நிறம்.

அந்த வருத்தத்தில் மறுபடி கிணற்றடி அம்மாயி மரத்திடம் போனேன். கொம்பில் கலப்படம் செய்ய முடியாதே.

எப்போதும்வென்றானை நான் பார்த்தது தற்செயல். எங்கள் சரக்கு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போகும். ஒரு தடவை கடைசி நேரத்தில் அட்டைப்பெட்டி லேபிளில் தப்பு. சின்னக் கம்பெனி; கட்டிங் மாஸ்டரும் லேபிள் ஒட்டப் போக வேண்டியதுதான். லாரியில் முன்சீட். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, எட்டயபுரம் தாண்டி விடிகிற நேரத்தில் டிரைவர் டீக்கு நிறுத்தினார். பெயர்ப்பலகையைப் படித்ததும் தூக்கம் பறந்துவிட்டது. டீக்கடைப் பெரியவரிடம், “இந்த ஊர் முருங்கை ரொம்பப் பேர்போனதாமே?” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “முருங்கை எந்த ஊர்ல இல்ல?” என்றார். கடைக்குப் பின்னால் கரிசலில் வரிசையாக நின்றது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத், ஆப்பிரிக்க நாடுகள் என்று பரவிய பி.கே.எம்.1-இன் தாய்வீடு அது. அடுத்ததாக 2000-ல் வந்த பி.கே.எம்.2-க்கும் ஒரு பக்கத்துத் தாய் இதே ஊர்தான், மறுபக்கம் அரசரடி முருங்கை. அதன் காய் 125 சென்டிமீட்டருக்குக் குறையாது. என் அபிப்பிராயத்தில் அது கண்காட்சிக்கு நல்லது, சாக்குப்பைக்கு ஆகாது.

பருத்தி ரகத்தின் பெயரில் உகாண்டாவுக்குக்கூட இடம் கிடைத்தது. பெரியகுளத்தின் பெயர் விதைப்பையில் அச்சாகி உலகம் சுற்றுகிறது. எப்போதும்வென்றானின் பெயர் ஆராய்ச்சிக் குறிப்புகளில் ஒரு மூலையில் இருக்கிறது, டீக்கடைப் பெரியவருக்குத் தெரியாமல். ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்லவில்லை. பை மாட்டிய உழைப்பு அவர்களுடையது. ஆனால் மரமேறாமல் காய் பறிக்க ஆசைப்பட்டு, சீக்கிரம் காய்த்ததன் கொட்டையை மட்டும் எடுத்துவைத்த அந்தக் கரிசல்காட்டுக்காரர்கள் செய்ததும் அதே வேலையின் முதல் பாதி இல்லையா? எங்கள் மூலனூர் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தது. குட்டை முருங்கை எங்கே போனாலும் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டுதான் போகிறது. கொம்பை ஒடித்துக் கொடுத்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லியே கொடுக்கிற பழக்கம்.

2011 ஜனவரிக் கடைசியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். என் மாமனார் ஊரில் தென்னை கருகியதை நானே பார்த்தேன். ஆனால் சாயமில்லாமல் துணி வராது, துணி வராமல் கட்டிங் ஏது? வாரக்கணக்கில் வேலையில்லை. ஊருக்குப் போய், அம்மாயி மரத்திலிருந்து நாற்பது கொம்பு வெட்டினேன். நிழலில் சாத்தினேன். அப்பாவின் பழக்கப்படி சாணிக்கு மேல் பனியன் துணி. நாற்பதில் முப்பத்தொன்று பிடித்தது. செடிமுருங்கை நின்ற காட்டின் மேற்குப் பாதியில் இப்போது அவைதான் நிற்கின்றன. கிழக்குப் பாதியில் இன்னும் செடிதான், இந்தத் தடவை பல்கலைக்கழகத்தில் நேராக வாங்கிய விதை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் முருங்கை வியாபாரத்தில் இரண்டுக்கும் தனித்தனி விலை சொல்வார்கள். மரமுருங்கை ஒன்று, செடிமுருங்கை ஒன்று, கரும்பு முருங்கை என்று இன்னொன்று. அந்த மூன்றாவது பேருக்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சித்திரை, வைகாசியில் எல்லாக் காட்டிலும் மரமுருங்கை ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளும்போது பறிகூலிகூடத் தேறாது. ஐப்பசி மழையில் பூவெல்லாம் கொட்டிப்போய், மார்கழியில் காயே இல்லாதபோது விலை ஆகாயத்தில் நிற்கும். அந்த மாதங்களில் சென்னைக்கு மகாராஷ்டிரத்திலிருந்து காய் வரும். அங்கே விளைவதிலும் பெரியகுளத்து விதைக்குப் பங்கு உண்டு. பேத்தி பாட்டி வீட்டுக்குச் சமைத்து எடுத்துவருகிற மாதிரி. செப்டம்பரில் கொட்டை போட்டால் பூ மழைக்குத் தப்பும் என்று பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு செடிமுருங்கைக்குத்தான் சாத்தியம். மரத்துக்கு நாள் குறிக்க முடியாது. இரண்டையும் வைத்திருப்பவனுக்கு வருடத்தில் கொஞ்சம் கூடுதல் நாள் கையில் காசு. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு விவசாயி பதியன் போட்டும் மொட்டு ஒட்டியும் ‘பி.ஏ.வி.எம்.’ என்று ஒரு மரமுருங்கையைப் பரப்பியிருக்கிறார். விதையில் உலகம் சுற்றிய பயிர் இப்படித் திரும்பவும் கிளைக்கு வந்து நிற்கிறது.

வெளிநாட்டில் இதன் இலைக்கு வந்த மவுசு தனிக் கதை. 2012 ஜூனில் கியூபாவின் காஸ்ட்ரோ முருங்கையையும் மல்பெரியையும் பெருக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினார். 2021-ல் தமிழக வேளாண் பட்ஜெட் முருங்கை ஏற்றுமதி மண்டலம் என்று அறிவித்தபோது, தேனி, தூத்துக்குடி, திருப்பூர் மூன்றும் பட்டியலில் இருந்தன. அதாவது பெரியகுளம், எப்போதும்வென்றான், மூலனூர். எழுதியவர் அந்தக் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்.

போன ஆடியில் காற்று பலமாக இருந்தது. குண்டடம் பக்கத்துக் காற்றாலைகள் நிற்காமல் சுற்றின. அம்மாயி மரத்தில் ஒரு பெருங்கிளை முறிந்து கிணற்று மேட்டில் கிடந்தது. அதில் நாலு கொம்பு தேற்றித் திருப்பூருக்குக் கொண்டுவந்தேன். எனக்குப் பிறகு அதே மேசையில் கட்டிங் செய்யும் பையன் ஒடியாக்காரன். அவர்கள் ஊரில் இதை சஜனா என்கிறார்கள். குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக ஒரு முழம் மண் இருக்கிறது, அங்கே நட வேண்டும் என்று ஒரு கொம்பு கேட்டான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், எது மேலே?” என்றான். நான் அவன் விரலைப் பிடித்துச் சாய்வெட்டின் மேல் வைத்தேன்.